கால்நடை மருத்துவர் பதில்கள்: புதிதாக வந்த நாயின் பழைய புண்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். ஆறு நாள்களுக்கு முன்பு, விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை வயதுள்ள பெண் நாட்டுநாய் ஒன்றைத் தத்தெடுத்து வந்தோம். அதன் பின்னந்தொடையின் வெளிப்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிராய்ப்புப் புண் இருப்பதை மூன்றாம் நாள்தான் கவனித்தோம். ஆழமாகத் தெரியவில்லை, இரத்தமும் வரவில்லை. ஆனால் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது, நாயும் அதை ஓயாமல் நக்குகிறது. மாமியார் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் போடச் சொல்கிறார். கணவர் டெட்டாலில் துடைக்கலாம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தம்மிடம் மீதமிருந்த தோல் களிம்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நாயோ, கையில் பஞ்சைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் பதுங்கிக்கொள்கிறது. நேற்று பிடித்து இழுத்தபோது உறுமியது. வீட்டில் ஏழு வயது மகனும் இருக்கிறான். மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மேல்தோலோடு நின்றுவிட்ட புண்ணாகவே தோன்றுகிறது, இத்தகைய புண் சுத்தமாக வைத்திருந்தால் வீட்டிலேயே ஆறிவிடும். ஆயினும் இந்த வாரத்துக்குள் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புண் சிறியதுதான், ஆனால் அது எப்படி வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, காப்பகத்தாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சுவரில் உரசி வந்த சிராய்ப்பும், இன்னொரு நாயின் பல் பட்டு வந்த காயமும் மூன்று நாள் கழித்துப் பார்க்கும்போது ஒன்றுபோலவே இருக்கும். பல் பட்ட காயத்தில் வெளியே தெரிவது ஒரு சிறு துளை மட்டுமே. நாயின் தோல் தசைமேல் தளர்ந்து நகரக்கூடியது என்பதால், கடித்து உலுக்கும்போது உள்ளே கிழிசல் பெரிதாகி, மேலே துளை மூடிக்கொண்ட பிறகு இரண்டு மூன்று நாளில் அடியில் சீழ் கட்டும். எனவே முதலில் புண்ணைச் சுற்றி விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். சுற்றுப்புறம் சூடாக, வீங்கி, மாவு உருண்டையைத் தொடுவதுபோல் அமிழ்ந்தால் அது வீட்டு வைத்தியத்துக்கு உரியதன்று.

உங்கள் வீட்டில் நடக்கும் மூன்று முனை விவாதத்துக்கு வருகிறேன். மூவர் சொல்வதையும் இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு உப்புத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் ‘நார்மல் சலைன்’ என்று கேட்டால் கிடைப்பது 0.9 விழுக்காடு உப்புக் கரைசல். அது இல்லையென்றால் கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வெதுவெதுப்பாகும்வரை ஆறவிட்டால் ஏறக்குறைய அதே கரைசல்தான். உடல் திரவங்களின் உப்புச் செறிவும் இதுவே என்பதால் புண்ணில் எரிச்சல் இராது. எரியாத மருந்துக்குத்தான் பயந்த நாய் இரண்டாம் முறையும் நிற்கும். ஊசியைக் கழற்றிய 20 மில்லி சிரிஞ்சில் இதை உறிஞ்சி, புண்ணின்மேல் சாய்வாகப் பீய்ச்சி, அழுக்கும் காய்ந்த நீரும் கரைந்து ஓடும்வரை கழுவுங்கள். பஞ்சால் தேய்க்காதீர்கள்; பஞ்சின் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும், தேய்ப்பதால் புதிதாக வளரும் தோலும் உரிந்து வரும். சுத்தமான மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். காலையும் மாலையும் ஒருமுறை கழுவினால் பெரும்பாலான சிராய்ப்புகளுக்கு வேறு மருந்தே தேவைப்படுவதில்லை.

புண்ணைச் சுற்றியுள்ள முடி உள்ளே விழுந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அதை வெட்ட வேண்டும். நாட்டுநாய்க்கு முடி குட்டை என்பதால் உங்களுக்கு இது பெரிய வேலையாக இராது. முனை மழுங்கிய கத்தரிக்கோலின் அலகில் சிறிது பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவிக்கொண்டு வெட்டினால் வெட்டிய முடி அலகிலேயே ஒட்டிக்கொள்ளும், புண்ணுக்குள் விழாது. தோலுக்கும் கத்தரிக்கும் நடுவே ஒரு சீப்பைச் செருகிக்கொள்வது பாதுகாப்பு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற மெலிந்த வேட்டைநாய்களின் தோல் மிகவும் மெல்லியது. கத்தரி சற்றே தவறினாலும் பழைய புண்ணைவிடப் பெரிய புதுப்புண் உண்டாகிவிடும். உங்கள் நாயிடம் அந்த இனங்களின் கலப்பு இருப்பதாகத் தோன்றினால் இந்த வேலையை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

கிருமிநாசினி கட்டாயம் வேண்டும் என்று நினைத்தால் போவிடோன் அயோடின் கரைசலைப் பயன்படுத்தலாம். ஆனால் கடையில் 5 அல்லது 10 விழுக்காட்டில் விற்பதை அப்படியே ஊற்றக்கூடாது. பால் கலக்காத இளந்தேநீரின் நிறம் வரும்வரை தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்ய வேண்டும். டெட்டால், ஸ்பிரிட், நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிய மூன்றையும் திறந்த புண்ணில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. இவை கிருமிகளைக் கொல்லும்போது, புண்ணை மூட வளர்ந்துவரும் உயிரணுக்களையும் சேர்த்தே கொல்கின்றன; அன்றியும், நாய் புண்ணை நக்கும்போது டெட்டாலில் உள்ள வேதிப்பொருள் வயிற்றுக்குள் போய் நஞ்சாகிறது. வீட்டில் பூனையும் இருந்தால் அதன் அருகில்கூட இதைக் கொண்டுபோகக் கூடாது.

மாமியாரின் மஞ்சளை நான் பழிக்கமாட்டேன். அதில் கிருமியைத் தடுக்கும் தன்மை இருப்பது உண்மை. என் தயக்கம் வேறு: சமையலறை மஞ்சள்தூள் புண்ணின் ஈரத்தில் களியாகி, மேலே ஒரு ஓடுபோல் காய்ந்துவிடும், அதன் அடியில் கசிவு தேங்கும். அதைவிட முக்கியமாக, எல்லாமே மஞ்சளாகிவிட்ட பிறகு சீழ் பிடித்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பார்க்கும் மருத்துவருக்கும் அதே இடர்தான். வேப்பெண்ணெய் பயனுள்ளது, ஆனால் புண்ணுக்குள் வேண்டாம். சுற்றியுள்ள முடியில் விரல்நுனியால் மெல்லியதாகத் தடவினால் அந்த வாசனைக்கு ஈ நெருங்காது. நிறைய ஊற்றினால் நாய் நக்கி வாந்தி எடுக்கும்.

பக்கத்து வீட்டுக் களிம்பை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மனிதர்களுக்கான தோல் களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அரிப்பைக் குறைக்கும், ஆனால் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்புகளும், சொரியாசிஸுக்குத் தரும் கால்சிபோட்ரியால் களிம்பும் நாய் நக்கினால் உடலுக்குக் கேடு. பின்னது உயிரையே பறிக்கக்கூடியது. வலிக்கிறதே என்று இரக்கப்பட்டுப் பாரசிட்டமாலோ, இபுபுரூஃபெனோ, டைக்ளோஃபெனாக்கோ கொடுத்துவிடாதீர்கள். நாயின் கல்லீரலும் சிறுநீரகமும் வயிறும் இவற்றைத் தாங்குவதில்லை. காயம் முற்றிக் கெட்ட புண்களைவிட, கைக்குக் கிடைத்ததையெல்லாம் பூசியதால் கெட்ட புண்களையே என் பணிக்காலத்தில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இனி, நக்குவது. நாய் நக்கினால் புண் ஆறும் என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். எச்சிலில் கிருமி எதிர்ப்புப் பொருள்கள் சிறிதளவு உள்ளன. அதே எச்சிலில் பாஸ்டுரெல்லா முதலிய பாக்டீரியாக்களும் ஏராளமாக உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, சொரசொரப்பான நாக்கு ஒரு நாளில் நூறு முறை அதே இடத்தைத் தேய்த்தால் புண் எப்படி மூடும்? நீங்கள் சொல்லும் ஓயாத ஈரத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு இதற்கு நல்ல தீர்வு. ஆனால் ஆறு நாளே பழகிய வீட்டில், பார்வையையும் கேள்வியையும் மறைக்கும் ஒரு கூம்பை மாட்டினால் சில நாய்கள் மிரண்டு சுவரில் மோதிக்கொள்ளும். முதலில் கூம்புக்குள் ஒரு துண்டு வேகவைத்த முட்டையை வைத்து, அது தானாகவே தலையை நுழைத்துத் தின்னும்படி இரண்டு மூன்று முறை பழக்குங்கள். பிறகு ஆள் அருகில் இருக்கும் நேரங்களில் கழற்றியும், இரவில் மாட்டியும் வையுங்கள். தொடைப் புண் என்பதால், பழைய பனியன் ஒன்றைப் பின்பக்கமாக மாட்டி, வால் வெளியே வரும்படி வெட்டி முதுகில் முடிச்சிடுவதும் சில நாய்களுக்குச் சரிப்படும். இறுக்கமான கட்டுப் போடாதீர்கள். காற்றுப் பட வேண்டிய புண் இது. அதோடு, காலில் இறுகிய கட்டு ஒரே இரவில் பாதத்தை வீங்கவைத்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் மிகவும் கவலைப்படுவது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் பற்றித்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து மருந்து போடும் முறையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த நாய்க்கு உங்கள் வீடு இன்னும் வீடாகவில்லை. கட்டிலடிதான் அதற்குக் கிடைத்த ஒரே பத்திரமான இடம். அங்கும் கை நுழைந்து இழுத்தால் உறுமுவதைத் தவிர அதனிடம் வேறு மொழியில்லை. உறுமியதற்காக அதட்டினாலோ அடித்தாலோ, அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கக் கற்றுக்கொள்ளும். ஆகவே உறுமலை நாகரிகமான ஓர் எச்சரிக்கை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்பே நாய் சில சைகைகள் காட்டும்: உணவு இல்லாதபோதும் உதட்டை நக்கும், தூக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடும், தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும்போது கண்ணின் வெள்ளை தெரியும், வாலைக் கால்களுக்கிடையே செருகும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கையை எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு, பசியோடு இருக்கும்போது தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, நாயாகவே வெளியே வரட்டும் என்று காத்திருங்கள். முதல் நாள் தொடையைத் தொட்டவுடன் ஒரு துண்டு முட்டை, அவ்வளவே. மறுநாள் வெறும் சிரிஞ்சைக் காட்டி ஒரு துண்டு. அதற்கடுத்த நாள் சில சொட்டுக் கரைசல். இப்படி இரண்டு மூன்று நாள் மெதுவாகப் போனால் சீழ் இல்லாத சிராய்ப்பு ஒன்றும் கெட்டுவிடாது. நாயின் நம்பிக்கை கெட்டால் அதைச் சரிசெய்யப் பல மாதங்கள் ஆகும். ஒருவர் முன்பக்கம் தீனி கொடுக்க, இன்னொருவர் கழுவுவது நல்லது. மகன் அந்த நேரத்தில் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

மகனைப் பற்றிய பேச்சு வந்ததால் ரேபிஸ் என்னும் வெறிநோயைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். காப்பகத்திலிருந்து தடுப்பூசி அட்டை வாங்கினீர்களா? அதில் ரேபிஸ் தடுப்பூசி போட்ட தேதி தெளிவாக இருந்தால் கவலை பெருமளவு குறையும். அட்டை இல்லையென்றாலோ, புண் கடிபட்டு வந்ததாக மருத்துவர் ஐயுற்றாலோ, அவர் சொல்லும் அட்டவணைப்படி ஊசிகளைப் போட்டுவிடுங்கள். கடிபட்ட நாயிடம் நோயின் அறிகுறி வெளிப்பட இரண்டு வாரம் முதல் சில மாதங்கள்வரைகூட ஆகலாம்; எனவே இப்போது நன்றாக இருக்கிறது என்பது போதிய சான்றாகாது. அதுவரை புண்ணைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மகனின் கையிலோ முழங்காலிலோ சிராய்ப்பு இருந்தால் அதை நாய் நக்க விடாதீர்கள். ஒருவேளை கீறலோ கடியோ பட்டுவிட்டால், சோப்புப் போட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சத்தால் இன்றும் சிலர் கடியை மறைக்கிறார்கள். செம்மறியாட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த அந்தத் தடுப்பூசியை இந்தியா 2004-இன் இறுதியோடு கைவிட்டுவிட்டது. இப்போது தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28 ஆம் நாள்களில் கையிலேயே ஊசி போடுகிறார்கள். கடி ஆழமானால் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பு மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவார்கள்.

புண் சரியாக ஆறுகிறது என்பதற்கு அடையாளம், ஓரிரு நாளில் ஈரம் குறைந்து, அடியில் இளஞ்சிவப்பான, மணிமணியான தசை தெரிந்து, விளிம்பிலிருந்து தோல் உள்நோக்கி வளர்வது. நாற்றம், பச்சை அல்லது மஞ்சள் கசிவு, நாளுக்கு நாள் பெரிதாகும் சிவப்பு, நொண்டல், உணவு மறுப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். உடல் சுடுகிறது என்று கையை வைத்துப் பார்த்து அஞ்ச வேண்டாம்; நாயின் இயல்பான வெப்பமே 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருக்கும். வட்டமாக முடி உதிர்ந்து, ஓரத்தில் செதில் படிந்து, புதிது புதிதாகப் பரவினால் அது காயமன்று, படர்தாமரையாக இருக்கலாம். அது மகனுக்கும் தொற்றும்.

கேள்வி: எங்கள் தெருவில் சுற்றிய ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கியிருக்கிறோம். கழுத்தில் பழைய கயிறு அறுத்த சிறு புண் இருந்தது. அது தானாக ஆறிவிடும் என்று இருந்தேன். இப்போது புழு நெளிகிறது. மண்ணெண்ணெய் ஊற்றினால் புழு செத்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: செய்யக்கூடாது. புழு சாகும் என்பது சரி. ஆனால் மண்ணெண்ணெய் புண்ணின் தசையை எரித்து, நாய் நக்கும்போது வயிற்றுக்கும் மூச்சுக்குழலுக்கும் போய் நுரையீரலைக் கெடுக்கும். பினாயிலும் பெட்ரோலும் இதைவிடக் கொடியவை. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்து விடும் வழக்கமும் நம் பக்கத்தில் உண்டு. கற்பூரம் நாயின் உடலுக்குள் போனால் வலிப்பு வரும் என்பதால் அதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

இந்தப் புண்ணில் காலம்தான் முக்கியம். நம் நாட்டில் கால்நடைகளின் புண்ணில் முட்டையிடும் திருகுப்புழு ஈயின் முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். சாதாரணப் புழுக்கள் அழுகிய சதையைத் தின்னும். இவையோ உயிருள்ள சதையைத் துளைத்து, தலையை உள்ளே செருகி, ஒரு வாரம்போலத் தின்று கொழுத்த பிறகே மண்ணில் விழும். அதற்குள் நாணயம் அளவுப் புண் குகையாகிவிடும், மேலே தெரிவது மட்டும் அதே சிறு துளையாகவே இருக்கும். கழுத்தில் இரத்தக்குழாய்களும் மூச்சுக்குழலும் அருகருகே இருக்கின்றன. ஆகவே இடுக்கி எடுத்துக்கொண்டு நீங்களே தோண்ட வேண்டாம். இன்றே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். அங்கே முடியை மழித்து, புழுவை வெளியே வரவைக்கும் மருந்திட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, குழியைக் கழுவுவார்கள். ஒரே நாளில் முடியாது. உள்ளே ஒளிந்தவை மறுநாள் மேலே வரும் என்பதால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து போக வேண்டியிருக்கும். வழியில் செய்ய வேண்டியது ஒன்றே: புண்ணின்மேல் மெல்லிய துணியைத் தளர்வாகப் போர்த்தி, மேலும் ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கயிற்றின் துணுக்கு ஏதேனும் தோலுக்குள் புதைந்திருக்கிறதா என்று பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அது உள்ளே இருக்கும்வரை அந்தப் புண் ஆறாது. ஆறிய பின்பும் சில வாரங்களுக்குக் கழுத்துப்பட்டை வேண்டாம். மார்பைச் சுற்றி அணியும் பட்டையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: சென்னையில் தெருநாய் ஒன்றைத் தத்தெடுத்திருக்கிறேன். அதன் காதுமடலில் ஒரு துண்டு வெட்டுப்பட்டதுபோல் இல்லாமல் இருக்கிறது. ஒரு மாதமாகக் களிம்பு தடவியும் காது பழையபடி வளரவில்லை. என்ன செய்வது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஐயா, களிம்பை நிறுத்திவிடுங்கள். அந்த விளிம்பு நேராகவோ ஆங்கில எழுத்து ‘வி’ போலவோ, வழுவழுப்பாக, முடி மூடி இருந்தால் அது காயமே அன்று. இனக்கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையின்போது, மயக்க நிலையில் இட்ட அடையாளம். கருத்தடை செய்து ரேபிஸ் தடுப்பூசியும் போட்ட தெருநாயை மறுபடி பிடித்துப் போகாமலிருக்க இப்படிக் காதில் குறியிடுகிறார்கள். விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் 2001-இல் வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2023-ஆம் ஆண்டின் விதிகள். வெட்டிய குருத்தெலும்பு மீண்டும் வளராது, வளர வேண்டிய தேவையும் இல்லை.

விளிம்பு ஒழுங்கற்று, பொருக்குப் படிந்து, நாய் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டே இருந்தால் மட்டும் கதை வேறு. ஈக் கடியாக இருக்கலாம், சொறி உண்டாக்கும் சிற்றுண்ணியாகவும் இருக்கலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உங்களுக்குத் தொலைவில்லை. அடையாளக் காதுதான் என்று உறுதியானாலும் ஒருமுறை போய்வாருங்கள். காதில் உள்ள குறி ஊசி போட்டதைச் சொல்லுமே தவிர எப்போது போட்டார்கள் என்பதைச் சொல்லாது. அந்தத் தேதி தெரியாத நிலையில், புதிதாக ஒரு ரேபிஸ் ஊசியைப் போட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டால், அடுத்த ஆண்டின் ஊசிக்கு அதிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளலாம்.